தேயிலை பிடுங்கிய மண்ணில் கோசு

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வாடும், சாயங்காலம் நிமிரும். ஒரு வாரம் இப்படியே போனது. வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று இரண்டு வேளையும் தண்ணீர் விட்டேன். கோத்தகிரியில், அதுவும் ஆகஸ்டு மாதத்தில், வெயிலுக்குக் கோசு வாடுகிறது என்று நம்பியவன் நானாகத்தான் இருப்பேன்.

எட்டாம் நாள் பொறுமை போய் ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன். இழுக்கிற வேலையே இல்லை, கையோடு வந்துவிட்டது. நார் நாராக ஓட வேண்டிய வேர், இஞ்சியும் மஞ்சள் கிழங்கும் ஒட்டிக்கொண்டு வளர்ந்த மாதிரி முண்டும் முடிச்சுமாக இருந்தது. பெரிய முண்டு ஒன்றைக் கத்தியால் வகுந்தேன். உள்ளே வெள்ளையும் பழுப்புமாகக் கலங்கிய சதை, கூடவே அழுகிய கோசுக்கே உரிய நாற்றம். பக்கத்துத் தோட்டத்து மாமா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்.

"தண்ணி பிரச்சினை இல்லை மாப்பிள்ளை. வேர் வீங்கிப் போச்சு. உங்க மண்ணு புளிச்ச மண்ணு."

மனைவியின் ஊர் என்பதால் அந்தத் தெருவுக்கே நான் மாப்பிள்ளை. மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் மண்ணைப் பற்றி எனக்கு ஏதாவது தெரியும் என்று அங்கே யாரும் நினைத்ததில்லை, அந்த 2022இல் நினைத்திருக்கவும் முடியாது. அதற்குப் பிறகு மூன்று சாகுபடி ஆகிவிட்டது. என்ன செய்தேன், எதில் சொதப்பினேன் என்பதை எழுதி வைக்கிறேன். மலைப்பக்கம் இரண்டு மூன்று சென்ட் வைத்துக்கொண்டு கோசு, காலிஃபிளவர், நூல்கோல் போட நினைக்கிறவர்களுக்கு ஆகும்.

இடம் வீட்டுக்குப் பின்னால் சரிவில் இரண்டு சென்ட். 2021 வரை தேயிலை நின்றது. பச்சை இலைக்கு வருகிற விலை பறிகூலிக்கே காணவில்லை என்று அத்தை செடிகளைப் பிடுங்கச் சொல்லிவிட்டார். வேர்க்கட்டைகளை எடுக்கவே நான்கு நாள் ஆனது. அப்புறம் பார்த்தால் கறுத்த, பொலபொலவென்ற மண். சருகு மக்கிய வாசனை. இதில் எது போட்டாலும் வரும் என்று தோன்றியது. 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் பக்கத்துத் திம்பட்டியில் வந்து தங்கிய காலத்திலிருந்தே இந்த மலையில் இங்கிலீஷ் காய்கறி விளைகிறது, எனக்கு மட்டும் விளையாதா என்ன?

மண் தன் குணத்தை மறைக்கவில்லை, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. வரப்போரம் பெரணி மண்டிக் கிடந்தது. சரிவின் அடியில் அத்தை வளர்க்கும் ஹைட்ரேஞ்சியா வரிசை, பந்து பந்தாக நல்ல நீலத்தில் பூத்து நின்றது. இரண்டும் புளித்த மண்ணுக்குச் சாட்சி. மண்ணில் அமிலம் கூடினால் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும். அதை உறிஞ்சித்தான் அந்தப் பூ நீலமாகிறது. தேயிலைக்கு அந்தப் புளிப்புதான் பிடிக்கும். மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். எண் (குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் செழிக்கும். மலையில் பெய்கிற மழை சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக் கீழே கொண்டு போக, வருடா வருடம் போட்ட அம்மோனியா உரம் மேலும் புளிக்க வைத்திருக்கும். கோசு குடும்பம் கேட்பதோ 6க்கு மேல். இந்தக் கணக்கு ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று சின்னதாகத் தெரியும். ஆனால் ஒரு புள்ளி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு. இரண்டு புள்ளி என்றால் நூறு மடங்கு.

இதெல்லாம் தெரியாமல் முதல் வருடம் மூன்றடி அகலத்தில் 25 அடி நீளத்துக்கு ஆறு பாத்தி பிடித்துப் பத்து மூட்டை கோழி எருவைக் கொட்டினேன். மூன்று பாத்தியில் கோசு, இரண்டில் காலிஃபிளவர், ஒன்றில் நூல்கோல். இலை கருகருவென்று வந்தது. ஊரில் போட்டோ காட்டிப் பெருமை அடித்தேன். கடைசியில் 96 கோசில் சமையலுக்குத் தேறியது 31. காலிஃபிளவர் வேறு விதமாகக் கெட்டது. புது இலைகளில் தகடே இல்லை, நடு நரம்பு மட்டும் சாட்டைக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு வந்தது. மாலிப்டினம் என்ற நுண்சத்து கிடைக்காவிட்டால் இப்படி ஆகும். மண்ணில் அந்தச் சத்து இல்லை என்று அர்த்தமில்லை. புளித்த மண் அதைப் பூட்டி வைத்துக்கொள்கிறது.

வேர் வீக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோதுதான் வயிறு எரிந்தது. தேயிலை நின்ற மண்ணில் அந்த நோய் இருக்க வாய்ப்பு குறைவு, அது கோசு, முள்ளங்கி, கடுகு குடும்பத்தின் வேரைத்தான் தேடும். நான் வாங்கிய நாற்று, மண் கட்டியோடு வந்த நாற்று. அந்தக் கட்டியோடு நானே காசு கொடுத்து நோயை வாங்கி வந்து நட்டிருக்கிறேன். பிளாஸ்மோடியோஃபோரா பிராசிக்கே என்று அதற்குப் பெயர். ரஷ்யாவில் கோசு வயல்கள் அழிந்துகொண்டிருந்த காலத்தில் மிகைல் வோரோனின் என்ற விஞ்ஞானி இதை ஆராய்ந்து 1878இல் எழுதினார். பூஞ்சை என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள், பூஞ்சை இல்லை. இதன் வித்துகள் மண்ணில் பத்துப் பதினைந்து வருடம் உயிரோடு கிடக்கும். கோசு வேர் பக்கத்தில் வந்ததும் விழித்து, மண் ஈரத்தில் நீந்திப் போய் வேர்த்தூவியில் நுழைந்துவிடும். புளிப்பும் ஈரமும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம்.

ஆக, ஒழிக்க முடியாது. அதற்குப் பிடிக்காத மண்ணாக மாற்றலாம், அவ்வளவுதான். பி.எச். 7.2ஐத் தாண்டினால் வித்து முளைப்பது வெகுவாகக் குறையும். ஆனால் அவ்வளவு ஏற்றினால் வேறு தொல்லை வரும் (வந்தது, சொல்கிறேன்).

அறுவடை முடிந்து அக்டோபரில் மண் மாதிரி எடுத்தேன். மேல் சருகை ஒதுக்கி, ஆங்கில 'வி' எழுத்து மாதிரி அரையடிக் குழி வெட்டி, குழியின் ஒரு சுவரில் மேலிருந்து அடிவரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவ வேண்டும். இப்படிப் பத்து இடம். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு மிச்சத்தை மறுபடி கலக்க வேண்டும். அரை கிலோ வரும்வரை இப்படியே. நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டுப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். எரு மூட்டை வைத்திருந்த மூலையிலும் வரப்பிலும் எடுக்கவில்லை, அங்கே எடுத்தால் கணக்கே மாறிவிடும்.

முடிவு வந்தது. பி.எச். 4.9. அங்ககக் கரிமம், அதாவது மக்கு, ஏராளம். மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு, அதுவும் புளிப்பின் வேலைதான், இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சென்ட்டுக்கு 30 கிலோ சுண்ணாம்பு போடச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அதிகமாகத் தெரிந்தது. கூடத்தில் இருந்தவர் விளக்கினார்: மக்கு அதிகமுள்ள கறுப்பு மண் லேசில் மாறாது, மணல் மண்ணுக்கு ஒரு கைப்பிடி போதும் என்றால் இதற்கு நான்கு கைப்பிடி வேண்டும். கையில் எடுத்தால் மணக்கிற மண்தான் பிடிவாதக்கார மண்ணாம்.

உரக்கடையில் 50 கிலோ டோலமைட் மூட்டை ஒன்று வாங்கினேன். டோலமைட்டில் சுண்ணாம்போடு மெக்னீசியமும் உண்டு, மழையில் கரைந்துபோன மலை மண்ணுக்கு இரண்டும் தேவை. மாவு மாதிரி அரைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். குருணையாக இருந்தால் அடுத்த வருடம் வரை கரையாமல் கிடக்கும். 2023 ஜனவரியில் காற்றில்லாத ஒரு காலையில், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மேல் பாத்தியிலிருந்து வீசத் தொடங்கினேன். பாதியைத் தூவிக் கொத்திவிட்டு, மீதிப் பாதியை மேலே தூவிக் கிளறினேன். கணக்குப் பார்த்தால் பாத்திக்கு ஐந்து கிலோ சொச்சம்தான். என் கை தாராளத்தில் நான்கு பாத்தியோடு மூட்டை காலி.

ஐந்தும் ஆறும், அதாவது சரிவின் அடியிலுள்ள இரண்டு பாத்திகள், மிச்சம். பொங்கலுக்கு வெள்ளையடிக்க அத்தை வாங்கி வைத்த 25 கிலோ நீற்றிய சுண்ணாம்பு கொட்டகையில் இருந்தது. சுண்ணாம்பு சுண்ணாம்புதானே? மூட்டையில் மிச்சம் வைப்பானேன் என்று முழுவதையும் இரண்டு பாத்திக்கும் போட்டேன். இது முதல் தப்பு. நீற்றிய சுண்ணாம்பு எடைக்கு எடை சாதா சுண்ணாம்புக்கல் தூளைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வீரியம், வேகமும் அதிகம்.

இரண்டாம் தப்பு மூன்றாவது நாள். வேன் ஒன்று மேட்டுப்பாளையத்திலிருந்து கோழி எரு ஏற்றி வந்தது. ஆள் கையில் இருக்கும்போதே வேலையை முடிப்போம் என்று அடிப்பாத்தி இரண்டிலும் இரண்டிரண்டு மூட்டை கொட்டிக் கிளறினேன். கிளறி முடிக்கவில்லை, கண்ணில் நீர் கொட்டியது. மூக்கில் ஊசி ஏற்றின மாதிரி அம்மோனியா நெடி. சமையலறையிலிருந்து அத்தை ஜன்னலைச் சாத்தினார். நெடி என்று நான் தும்மிக்கொண்டிருந்தது அத்தனையும் தழைச்சத்து. காசு கொடுத்து வாங்கிய எருவைச் சுண்ணாம்பு காற்றில் பறக்க விட்டுக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக்கும் எருவுக்கும் நடுவில் குறைந்தது ஒரு மாத இடைவெளி வேண்டும் என்று மாமா சொன்னார். முந்தின நாள் சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருக்க வேண்டும்.

மேல் நான்கு பாத்திக்கு அந்தப் பாடத்தோடு வேலை செய்தேன். மிச்சக் கோழி எரு, அக்கம்பக்கத்து மாட்டுச் சாணம், காய்ந்த புல், சமையலறைக் கழிவு எல்லாம் சேர்த்து இடுப்பளவுக்குக் குவியல் போட்டேன். நிழல் மரமாக நிற்கும் சில்வர் ஓக் இலையைச் சேர்க்க ஆசைப்பட்டு ஒரு கூடை போட்டுப் பார்த்தேன். தோல் மாதிரி இலை, மூன்று மாதம் கழித்தும் போட்டபடியே கிடந்தது. குவியலில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி வைத்திருந்தேன். காலையில் உருவித் தொட்டால் சுடும், அதுவரை வேலை நடக்கிறது என்று அர்த்தம். சூடு இறங்கும்போது புரட்டிப் போட்டால் மறுபடி ஏறும். குளிரில் எல்லாமே மெதுவாகத்தான் நடந்தது. மூன்று தடவை புரட்டி, மே மாதம்தான் பக்குவம் வந்தது. கையில் பிடித்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். சாண வாசனை போய் மழை பெய்த மண் வாசனை வந்திருக்க வேண்டும்.

அளவு: மலைப்பகுதிக் கோசுக்கு எக்டேருக்கு 30 டன் தொழுவுரம் என்பது வேளாண் பரிந்துரை. சென்ட்டுக்கு மாற்றினால் 120 கிலோ. என் பாத்தி ஒன்றுக்கு நடைபாதையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இருபது கிலோ சொச்சம். முதல் வருடம் நான் கொட்டியதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. கூட பாத்திக்கு அரை கிலோ சூப்பர் பாஸ்பேட் போட்டேன். மணிச்சத்துக்காக மட்டுமல்ல, அதில் கந்தகமும் இருக்கிறது. கோசு குடும்பத்துக்குக் கந்தகம் நிறைய வேண்டும். முள்ளங்கியின் காரம், கடுகின் நெடி, கோசு வேகும்போது வீடெல்லாம் பரவும் அந்த வாடை, எல்லாம் கந்தகச் சேர்மங்கள்தான். எலும்புத்தூள் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது புளித்த மண்ணில்தான் நன்றாகக் கரையும். சுண்ணாம்பு போட்ட பிறகு அதை நம்பிக் காத்திருக்க முடியாது. விறகடுப்புச் சாம்பலும் கொஞ்சம் தூவினேன், சாம்பல் சத்துக்கு. அதுவும் சுண்ணாம்பு மாதிரி புளிப்பை முறிக்கும் என்பதால் மேல் நான்கு பாத்திக்கு மட்டும்.

அடுத்த வேலையை அத்தையால் இன்றுவரை ஒப்புக்கொள்ள முடியவில்லை. கொத்திப் பொலபொலவென்று ஆக்கிய பாத்தியை இரண்டு வாரம் படிய விட்டு, பிறகு ஈரம் இல்லாத ஒரு நாளில் ஏறி நின்று குதிகாலால் நெருக்கமாக மிதித்தேன்.

"கொத்தறதுக்குக் கூலி கொடுத்துட்டு, மறுபடி மிதிக்கறீங்களே மாப்பிள்ளை?"

கேரட்டுக்கு இப்படிச் செய்தால் பாழ். கோசுக்கும் காலிஃபிளவருக்கும் வேர் பிடித்து நிற்க இறுக்கம் வேண்டும். தளர்ந்த மண்ணில் செடி காற்றில் ஆடி ஆடி வேர்த்தூவி அறும். தலை கெட்டியாகக் கட்டாது, பூ சீக்கிரம் விரிந்துவிடும். நட்ட பிறகு சோதிக்க ஒரு வழி உண்டு. ஓர் இலையை நுனியில் பிடித்து மேலே இழுங்கள். இலை கிழிய வேண்டும், செடி அசையக் கூடாது. ஈரமாக இருக்கும்போது மட்டும் மிதித்துவிடாதீர்கள், களிமண் பலகையாகி விடும்.

இந்தத் தடவை நாற்று நானே போட்டேன். அலசிய தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் குழித்தட்டில் நிரப்பி விதைத்தேன், வெளி மண் ஒரு சிட்டிகைகூட உள்ளே வரவில்லை. பாத்திகளை அரையடி உயர்த்தி, நடைபாதையைச் சரிவுக்கு வாட்டம் பார்த்து வெட்டினேன். நீந்திவரும் நோய்க்குத் தண்ணீர் தேங்காமல் இருப்பதே பாதி மருந்து. பழைய செடிகளின் வேர்முண்டுகளை எருக்குழியில் போடாமல் எரித்துவிட்டேன். மண்வெட்டியையும் பூட்ஸையும் பாத்திவிட்டுப் பாத்தி போகும்போது கழுவினேன். இதைப் பார்த்துத் தெரு முழுக்கச் சிரித்தது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முறைப்படி அந்த மண்ணில் நான்கைந்து வருடம் கோசு இனமே போடக் கூடாது. எனக்குப் பொறுமை இல்லை, சுண்ணாம்பு வேலை செய்ததா என்று பார்த்தாக வேண்டும். அதனால் பாதி ஒப்பந்தம்: 2023 ஜூலையில் நான்காவது, ஐந்தாவது பாத்தியில் கோசு, ஆறாவதில் காலிஃபிளவர். மேல் மூன்றில் பூண்டு, பீன்ஸ், கேரட். நடுவதற்கு முன் பி.எச். பார்த்தேன். டோலமைட் பாத்திகளில் 5.8. நீற்றிய சுண்ணாம்புப் பாத்திகளில் 7.5.

அந்த இரண்டு எண்ணுக்குத் தக்கபடியே எல்லாம் நடந்தது. நான்காம் பாத்தியில் 32 கோசில் ஒன்பதுக்கு வேர் வீக்கம், ஆனால் பக்க வேர்களில் சின்னச் சின்னதாகத்தான்; அந்த ஒன்பதிலும் ஏழு செடி தலை கட்டிக் கொடுத்தது. ஐந்தாம் பாத்தியில் இரண்டே செடிக்கு வீக்கம். ஆறாம் பாத்திக் காலிஃபிளவரில் வீக்கமே இல்லை. சாட்டை இலையும் போயே போச்சு. மாலிப்டினம் என்று நான் ஒரு கிராம்கூட வாங்கவில்லை, பூட்டைச் சுண்ணாம்பு திறந்துவிட்டது. அடடா, தப்பாகப் போட்டதுதான் சரியாகப் போட்டதோ என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் முதல் காலிஃபிளவரை அறுத்தபோது தண்டில் விரல் நுழைகிற ஓட்டை. சுற்றிலும் பழுப்பு. பூவில் துருப்பிடித்த மாதிரி திட்டுகள். அடுத்ததும் அப்படித்தான், அதற்கடுத்ததும். போரான் பற்றாக்குறை. புளிப்பு மாலிப்டினத்தைப் பூட்டுகிறது, சுண்ணாம்பு மிஞ்சினால் போரானைப் பூட்டுகிறது. ஒரு கதவைத் திறந்து இன்னொன்றைச் சாத்தியிருக்கிறேன். மழையில் எளிதில் கரைந்து போகிற சத்து என்பதால் மலை மண்ணில் போரான் ஏற்கெனவே கம்மி. கொஞ்சம் அழுகல் வாடையோடு கோணலாக இருந்த அந்தப் பூக்களை நறுக்கி எடுத்துச் சமைத்தோம். கசந்தது. பேசாமல் சாப்பிட்டோம்.

போரானுக்குப் போராக்ஸ். நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் என்று கேட்டாலும் தெரியும், ஆனால் உரக்கடையில் வாங்குவதுதான் அளவுக்கு நம்பிக்கை. எக்டேருக்குப் பத்து முதல் பதினைந்து கிலோ என்றால் சென்ட்டுக்கு 40 முதல் 60 கிராம். என் பாத்தி ஒன்றுக்கு ஏழு முதல் பத்து கிராம், இரண்டு டீஸ்பூன்தான். அவ்வளவு சின்ன அளவைக் கையால் சமமாகத் தூவ முடியாது. வெந்நீரில் கரைத்து, பத்து லிட்டர் பூவாளியில் ஊற்றி, பாத்தியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இரண்டு நடை நடந்தேன். கேரம் போர்டுக்குப் போடுகிற போரிக் பவுடர் வீட்டில் இருக்கிறதே என்று மச்சான் எடுத்துக்கொண்டு வந்தான். அதிலும் போரான்தான், ஆனால் போராக்ஸைவிட ஒன்றரை மடங்கு. இந்த விஷயத்தில் கை தாராளம் கூடாது. கொஞ்சம் மிஞ்சினாலும் நஞ்சு, அடுத்து போடும் பீன்ஸ் இலை ஓரம் கருகிக் காட்டிக் கொடுத்துவிடும்.

2024 சாகுபடிக்கு, சரிவின் மேல்பக்கத்து மூன்று பாத்திகளைத் தயார் செய்தேன். அவை இரண்டு வருடம் கோசு பார்க்காதவை. முந்தின அக்டோபரிலேயே இன்னொரு 20 கிலோ டோலமைட் போட்டதில் ஜூனில் பி.எச். 6.8க்கு வந்திருந்தது. அங்கேயே நிறுத்திக்கொண்டேன். நோய்க்கு 7.2 நல்லது, செடிக்கு 6.5 நல்லது, நடுவில் ஒரு இடம். இடைப்பட்ட காலத்தில் பசுந்தாள் உரமாகக் கடுகு விதைத்து மடக்கி உழச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். கடுகு மண்ணைச் சுத்தம் செய்யும் என்பது சில நோய்களுக்குச் சரி. ஆனால் கடுகும் கோசின் சொந்தக்காரன், இந்த நோய்க்கு அது சோறு போட்டு வளர்க்கிற வேலை. நான் லூபின் என்ற பயறு இனச் செடியைப் போட்டு, பூக்கிற சமயத்தில் வெட்டிப் புதைத்தேன். வரப்பில் முளைத்த காட்டுக் கடுகையும் விடாமல் பிடுங்கினேன்.

64 கோசு நட்டதில் 59 நன்றாகத் தலை கட்டின, அதில் ஒன்று 2 கிலோவைத் தொட்டது. காலிஃபிளவர் 32இல் 28 வெள்ளை வெளேரென்று வந்தது. வேர்களை எல்லாம் பிடுங்கிப் பார்த்தேன். மூன்றில் மட்டும் சுண்டைக்காய் அளவு வீக்கம். மண்ணுக்குள் வித்து இன்னும் இருக்கிறது. இன்னும் பல வருடம் இருக்கும்.

மாமா ஒரு நாள் கோசை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்து இதுல உருளைக்கிழங்கு போடுங்க மாப்பிள்ளை, கோசுக்கு அப்புறம் உருளை நல்லா வரும்" என்றார். இந்த மலையில் அது பழைய சுழற்சி. 1961இல் நீலகிரியில் உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் புழுவுக்குக் கோசு ஆகாரம் இல்லை என்பதால் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்வார்கள். ஆனால் சுண்ணாம்பு போட்ட மண்ணில் உருளையின் தோலில் சொறி வரும். கோசுக்கு மருந்தானது உருளைக்கு வியாதி. நான் மறுபடி பூண்டும் பீன்ஸும்தான் போட்டிருக்கிறேன். உருளை வேண்டுமென்றால் சுண்ணாம்பு படாத மூலை ஒன்று பெரணியோடு கிடக்கிறது, அதைத்தான் திருத்த வேண்டும்.

ஒரு வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. ஆறாம் பாத்திக்குக் கீழேதான் ஹைட்ரேஞ்சியா வரிசை என்று சொன்னேன் அல்லவா? நான் அள்ளிப் போட்ட நீற்றிய சுண்ணாம்பு இரண்டு மழைக்காலத்தில் சரிவோடு கீழே இறங்கியிருக்கிறது. இந்தத் தடவை வரிசையின் மேல் பாதி ரோஜா நிறத்தில் பூத்துவிட்டது. நடுவில் ஒரு செடி, ஒரே கொத்தில் பாதி நீலம், பாதி ரோஜா. பார்க்கிறவர்கள் அழகு என்கிறார்கள். அத்தைக்கு ஆறவில்லை. அவருக்குக் கல்யாணமான வருடம் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்து ஊன்றிய குச்சிகள் அவை.

"கோசு கிலோ எத்தனைக்கு வேணும்னாலும் கடையில கிடைக்கும் மாப்பிள்ளை. என் நீலப் பூ?"

அரை கிலோ படிகாரம் வாங்கி வந்திருக்கிறேன். அதில் அலுமினியம் இருக்கிறது, தண்ணீரில் கரைத்து வேரடியில் ஊற்ற வேண்டும். பாத்திக்கும் பூச்செடிக்கும் நடுவே ஓரடி ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி முடித்த பிறகுதான் ஊற்றுவேன். இந்தப் படிகாரம் மேலே ஏறி வராது, தெரியும். இருந்தாலும் இந்தத் தடவை மாமாவிடம் முதலில் கேட்டுவிடுகிறேன்.